கட்டெரா: ‘முடியாது’ என்று சொல்ல ஆளில்லாத கம்பெனி

சுவரைத் தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி, மனையில் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டால் வீடு மலிவாகிவிடும். இந்தக் கனவோடு 2015இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கட்டெரா, 2021 ஜூனில் திவால் மனு போட்டது. கொரோனா வந்தது, செலவு எகிறியது, நிர்வாகம் சொதப்பியது என்று காரணங்கள் சொல்கிறார்கள். எல்லாமே உண்மைதான். ஆனா யாருக்கும் யாருக்கும் என்ன உறவு என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள், வேறொன்று தெரியும்.

தொடக்க காலத்தில் கட்டெராவுக்குப் பெரிய வாடிக்கையாளர், அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃப்ரிட்ஸ் வுல்ஃபின் குடும்ப நிறுவனம். 2018 ஜனவரியில் திரட்டிய 86.5 கோடி டாலருக்கு முன்னால் நின்றது ஜப்பானின் சாஃப்ட்பேங்க். கடன் கொடுத்தது கிரீன்சில் கேப்பிடல். அந்த கிரீன்சிலிலும் சாஃப்ட்பேங்க் பணம் போட்டிருந்தது!

இடையில் இருக்கிறவர்களை ஒழித்தால் செலவு குறையும் என்பது கட்டெராவின் கணக்கு. கட்டடக்கலை நிறுவனங்களையே விலைக்கு வாங்கியது. ஸ்போகேன் பக்கத்தில் மரப்பலகைத் தொழிற்சாலையும் கட்டியது. இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு. வெளி சப்ளையர் லாபத்தை மட்டும் எடுப்பதில்லை. ஆர்டர் குறைந்தால் நட்டத்திலும் பங்கெடுப்பார். சந்தேகம் வந்தால் ‘முதல்ல பழைய பாக்கியைக் கொடுங்க’ என்பார். அந்தக் கறார்தான் ஒரு கம்பெனிக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை.

2020 கடைசியில் கட்டெரா தள்ளாடியபோது சாஃப்ட்பேங்க் இன்னும் 20 கோடி டாலர் போட்டது. கிரீன்சில் 40 கோடி டாலருக்கும் மேலான கடனை விட்டுக்கொடுத்து, பதிலுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொண்டது. 2021 மார்ச்சில் கிரீன்சிலே விழுந்தது. அடிபட்டது, கிரெடி சுவிஸ் வங்கியின் நிதித் திட்டத்தில் பணம் போட்ட வெளியாட்கள்.

அப்போ எல்லாத்தையும் சொந்தமாக வைத்ததே தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2003இல் பெர்க்‌ஷயர் ஹாத்தவே வாங்கிய கிளேட்டன் ஹோம்ஸும் தொழிற்சாலை, விற்பனை, வீட்டுக் கடன் மூன்றையும் கையில் வைத்திருக்கிறது. இன்றும் ஓடுகிறது. அங்கே வீடு வாங்க வருகிற குடும்பம் வெளியாள். விலை ஒத்துவரவில்லை என்றால் எழுந்து போய்விடும்.

அடுத்த ‘வீட்டுத் தொழிற்சாலை’ அறிவிப்பு வரும்போது இயந்திரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆர்டர் கொடுப்பது யார், கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள். இரண்டுமே உறவுக்காரர்கள் என்றால், அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் இல்லை.