திருமறையின் முன்னேட்டில் எழுதப்பட்ட வம்ச வரலாறு: ஒரு திறனாய்வு

நம் சபைகளில் குடும்ப வரலாற்று நூல்கள் பெருகி வருகின்றன. முன்னோர் நினைவு நாள், குடும்ப ஐக்கியக் கூட்டம், ஆலய நூற்றாண்டு விழா ஆகியவற்றையொட்டி வெளிவரும் இந்நூல்களிற் பல, வீட்டிலுள்ள பழைய வேதாகமத்தின் முன்னேட்டில் மூதாதை ஒருவர் எழுதிவைத்த சில வரிகளையே முதல் ஆதாரமாகக் கொள்கின்றன. அவ்வரிகளினின்று ஐந்தாறு தலைமுறைக்குக் கொடிவழி வரையப்படுகிறது. ஐயம் எழுப்புவோருக்கு, "வேதாகமத்திலேயே எழுதியிருக்கிறது" என்பது விடையாகிறது. நூலின் புனிதம் அதன் வெற்றுத்தாளில் எழுதப்பட்ட குறிப்புக்கும் ஏறிவிடுகிறது. வேதவசனத்தையே, எழுதியவர் யார், எக்காலத்தில், எவர்பொருட்டு என்று கேட்டு ஆராயப் பயின்ற நாம், அதன் அட்டைக்குள்ளே உள்ள மனித எழுத்தைக் கேள்வியின்றி ஏற்றல் முறையாகாது. அம்முன்னேட்டினால் எதை நிறுவலாம், எதை நிறுவலாகாது என்பதை இங்கு ஆராய்வோம்.

1. வழக்கத்தின் வரலாறு

ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்ட் நாடுகளில் இவ்வழக்கம் ஆழ வேரூன்றியது. இங்கிலாந்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைச் சபைகள் பதிவுசெய்ய வேண்டுமென்ற கட்டளை 1538-இல் பிறந்தது. அரசின் பிறப்பு இறப்புப் பதிவோ 1837-இல்தான் தொடங்கிற்று. அமெரிக்காவின் பல பகுதிகளில் இவ்விரண்டும் ஒழுங்காக நடைபெறாமையின், வீட்டு வேதாகமமே பதிவேடாயிற்று. பதிப்பாளரும் இரு ஏற்பாடுகளுக்கும் இடையே குடும்பக் குறிப்புகளுக்கெனக் கோடிட்ட தாள்களைச் சேர்த்து அச்சிட்டனர். விடுதலைப் போரில் ஈடுபட்ட வீரர்களின் விதவைகளுக்கு உதவித்தொகை வழங்க 1836-இலும் 1838-இலும் அந்நாட்டில் சட்டங்கள் இயற்றப்பட்டபோது, திருமண நாளை மெய்ப்பிக்க வேறு சான்றில்லாத மூதாட்டிகள் பலர் தம் வேதாகமத்தினின்று அத்தாளைக் கிழித்து அரசுக்கு அனுப்பினர். அத்தாள்கள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன.

இந்நாட்டுச் சட்டமும் இத்தகைய எழுத்துக்கு மதிப்பளித்தது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், குடும்ப வம்சாவளியிலும் கல்லறைக் கல்லிலும் அவைபோன்ற பிறவற்றிலும் இறந்தோரின் உறவுமுறை குறித்து எழுதப்பட்டதைச் சான்றாக ஏற்றது. ஆனால் வழக்கு எழுமுன் எழுதப்பட்டதாயிருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இவ்விதி நிலைத்துள்ளது. ஒரு நோக்கத்தை நிறைவேற்றும்பொருட்டு எழுதப்பட்ட குறிப்பு ஐயத்திற்குரியது என்னும் இக்கொள்கை, வேத ஆராய்ச்சி பயில்வோருக்குப் புதியதன்று.

2. ஆராயும் முறை

முதலாவது நோக்கவேண்டியது குறிப்பையன்று, நூலின் தலைப்பேட்டை. அச்சான ஆண்டுக்கு முந்திய நிகழ்ச்சி அந்நூலில் எழுதப்பட்டிருப்பின், அது நிகழ்ந்த காலத்தில் எழுதப்பட்டதன்று. நினைவினின்றோ வேறோர் ஏட்டினின்றோ பின்னர் எழுதப்பட்டது. தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சிட்டு முடிக்கப்பட்டது. பழைய ஏற்பாடு 1728-இல் நிறைவெய்தியது. பவர் ஐயர் முதலியோரின் திருத்தம் முழு வேதாகமமாக 1871-இல் வெளிவந்தது. இத்திருத்தப் பதிப்பின் முன்னேட்டில் 1810-ஆம் ஆண்டு ஞானஸ்நானம் ஒன்று காணப்படுமாயின், அது அறுபதாண்டுகளுக்குக் குறையாத இடைவெளியைக் கடந்து வந்த செய்தியாகும். அதனால் அது பொய்யென்று முடிவுகட்ட வேண்டுவதில்லை. சுவிசேஷங்களும் நிகழ்ச்சிகளுக்குப் பின் எழுதப்பட்டவையே. ஆயினும் அதைக் கண்டவன் சாட்சியாகக் கொள்ளாமல், காத்து வழங்கப்பட்ட மரபாகவே கொள்ளவேண்டும்.

இரண்டாவது, கையெழுத்தையும் மையையும் நோக்கல் வேண்டும். நாற்பதாண்டு நிகழ்ச்சிகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சீராக அமைந்திருப்பின், அவை ஒரே அமர்வில் எழுதப்பட்டவை எனக் கருத இடமுண்டு. கையும் மையும் மாறி மாறி வருவது, கண்ணுக்கு அழகில்லையெனினும், நம்பிக்கைக்கு உரியது. எழுத்தின் வடிவமும் காலத்தைக் காட்டும். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தின்படி ணை, லை, றா முதலிய எழுத்துகள் அமைந்த குறிப்பு, தன்னை எத்துணைப் பழையதாகக் காட்டிக்கொள்ளினும், அண்மைக் காலத்தது என்றே எண்ணத் தோன்றும்.

மூன்றாவது, பெயர்களில் எச்சரிக்கை வேண்டும். பாட்டனாரின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்ப வருகிறது. இருவர் ஒருவராதலும் ஒருவர் இருவராதலும் எளிது. ஞானஸ்நானத்தில் பெயர் மாறியவரின் முன்னைப் பெயர் எழுதப்படாது போயின், கொடிவழி அவரோடு அறுந்துவிடும். அறுந்த இடத்தில் ஊகத்தால் முடிச்சிடுவதைக்காட்டிலும் அறுந்ததை அறுந்ததாகவே காட்டுதல் நேர்மை.

3. எழுதப்படாதவர்கள்

இவற்றினும் முதன்மையான கேள்வி ஒன்றுண்டு: யார் எழுதப்படவில்லை? அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகளை உடையோர் சிலர், தம் பிள்ளைகளின் பிறப்பை எழுதிய அதே வேதாகமத்தில் அடிமைகளின் குழந்தைகள் பிறந்த நாளையும் எழுதினர். தம் பிள்ளைகளை வாரிசுகளாக எழுதினர். அக்குழந்தைகளை உடைமைகளாக எழுதினர். பெரும்பாலும் குலப்பெயரில்லை, தந்தையின் பெயரில்லை. 1865-இல் அடிமைத்தனம் ஒழிந்தபின், 1870-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில்தான் விடுதலை பெற்ற மக்கள் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு பதிவாயினர். அதற்கு முற்பட்ட தம் முன்னோரைத் தேடும் சந்ததியார், தம்மை விற்றவர்களின் வேதாகமத்தையே திறந்து பார்க்கவேண்டிய நிலையில் உள்ளனர்.

நம் முன்னேடுகளிலும் விடுபட்டோர் உளர். மகனின் பெயருக்கு நேரே தாயின் பெயர் இல்லாத ஏடுகளை எண்ணிப்பார்ப்போம். பண்ணையிலும் சமையற்கட்டிலும் உழைத்தவர்களின் பெயரைத் தாங்கிய ஏடு எத்தனை? திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க ஆவணமாகிய 1780-ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலையும் இங்கு நினைவுகூர்தல் தகும். அதில் நாற்பது பேர். அவர்கள் ஒரே சாதியினர் அல்லர். பட்டியலின் தலைப்பில் நிற்பவரோ குளோரிந்தா என்னும் விதவை. எந்தக் குடும்பக் கொடிவழியும் தன் வேரில் அவரை வைத்திராது, சபை வைத்தது. குடும்ப ஏடு இரத்தத்தால் எண்ணுகிறது. சபை ஏடு தண்ணீரால் எண்ணுகிறது. ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்கும்போது நாள்களும் பெயர்களும் மட்டுமன்றி, நம் மனப்பான்மையும் திருத்தம் பெறும்.

திருமறையே இவ்விரு நோக்குகளையும் அறிந்துள்ளது. எஸ்றா 2:61-62-இல், வம்ச அட்டவணையில் தம் பெயரைத் தேடிக் காணாத குடும்பத்தார் ஆசாரியத்துவத்தினின்று விலக்கப்படுகின்றனர். அவருள் ஒரு குடும்பம், மனைவி வழியில் வந்த பர்சிலாவின் பெயரைத் தரித்திருந்தது. மத்தேயுவோ, தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி ஆகியோரைத் தன் அட்டவணைக்குள் கொணருகிறார். பதினான்கு தலைமுறை என்னும் அமைப்புக்காக அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூன்று அரசர்களை விட்டுவிடுகிறார். 1 நாளாகமம் 3:11-12 அவர்களைத் தருகிறது. யோசேப்பின் தகப்பன் யாரென்பதில் அவரும் லூக்காவும் வேறுபடுகின்றனர். வம்ச அட்டவணை எதுவாயினும் அது ஒரு பிரசங்கம். அது எதைப் பிரசங்கிக்கிறது என்று கேட்டல் வாசகரின் கடமை.

ஆகையால் ஆயர்கள் செய்யத்தக்கவை சில. முன்னேட்டைக் கிழிக்கவோ திருத்தி எழுதவோ விடலாகாது. தலைப்பேட்டோடு சேர்த்துப் படமெடுத்துச் சபையில் ஒரு படி வைத்தல் நலம். ஞானஸ்நானப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, ஒவ்வாததை ஒவ்வாததென்றே எழுதச் சொல்லவேண்டும். விடுபட்ட தாய்மாரின் பெயர்களை முதியோர் நினைவில் உள்ளபோதே கேட்டு, நாளும் சொன்னவர் பெயரும் இட்டுத் தனித்தாளில் குறிக்கச் செய்யலாம்.

இவையனைத்திற்கும் மேலாக, சாதிப் பெருமைக்குச் சான்றிதழாகவோ, சபைப் பதவிக்கு உரிமைப் பத்திரமாகவோ அம்முன்னேடு பீடத்தருகே கொண்டுவரப்படுமாயின், அதை மறுக்கும் துணிவு ஆயருக்கு வேண்டும். சென்ற ஞாயிறு ஞானஸ்நானம் பெற்ற, பழைய வேதாகமம் இல்லாத வீட்டின் முதல் விசுவாசியும் அதே பந்தியில் அமர்கிறார். அவருடைய வேதாகமத்தின் முன்னேடு வெறுமையாக உள்ளது. அதில் முதல் வரியை எழுத அவருக்கு நாம் துணைநிற்பதும் திருப்பணியே.