தடுக்கவியலா உணர்வும் ஆங்கிலத் தொடர்களும்

மனம் விரும்பாதபோதும் எழுந்துவிடும் எண்ணத்தையும் உணர்ச்சியையும் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் தொடர்கள் பல. 'ஹோன்ட்' என்னும் வினை, ஓரிடத்துக்கு அடிக்கடி வந்துபோதலைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ஆவிகளின் நடமாட்டமும் அகலாத நினைவும் அதற்குப் பின்னர் ஏறிய பொருள்கள். 'ஒப்செஸ்' என்பதன் இலத்தீன் மூலம் முற்றுகையிடுதலைக் குறிப்பது. உழிஞைத்திணை கற்ற மாணவனுக்கு இவ்வுருவகம் அந்நியமன்று. இவ்விரண்டிலும் உணர்வு வெளியிலிருந்து வருகிறது. மனிதன் அதற்கு ஆட்படுகிறான்.

மிகப் பரவலான 'கனொட் ஹெல்ப்' என்னும் தொடரோ வேறுவகையானது. இங்கு 'ஹெல்ப்' உதவுதலன்று. தடுத்தல், தவிர்த்தல் என்பதே பொருள். எழுவாயாக நிற்பவன் தடுத்திருக்க வேண்டியவன், தடுக்கத் தவறியவன். உணர்வைக் கூறும்போதே தன் தோல்வியையும் அவன் கூறிவிடுகிறான்.

ஆங்கிலம் என்றும் இவ்வாறு இருந்ததில்லை. சேக்ஸ்பியர் காலத்திலும் வழங்கிய 'மீதிங்ஸ்' என்பது 'எனக்குத் தோன்றுகிறது' என்னும் தமிழ்த் தொடரை அமைப்பிலும் பொருளிலும் ஒத்தது. 'லைக்' என்னும் வினைகூட முன்னர் பிடித்த பொருளையே எழுவாயாகக் கொண்டது. உணர்பவன் நான்காம் வேற்றுமைக்குரிய இடத்தில் நின்றான். இவ்வமைப்பு வழக்கொழிந்து, உணர்பவனே எழுவாயாகிய பின்னர், இலக்கணம் முன்பு இயல்பாகவே உணர்த்திய செயலின்மையைத் தனித்தொடராற் சொல்லவேண்டிய தேவை வலுத்தது எனக் கருத இடமுண்டு.

இத்தகைய கூற்றின் இலக்கியப் பயனை ஜேன் ஒஸ்ரினின் 'பிறைட் அன்ட் பிறெஜுடிஸ்' (1813) நாவலிற் காணலாம். 34ஆம் அதிகாரத்தில் டார்சி எலிசபெத்திடம் தன் காதலைத் தெரிவிக்கிறான். தான் போராடித் தோற்றதையும், உணர்ச்சிகள் அடங்க மறுப்பதையுமே முதலிற் சொல்கிறான். தொடர்ந்து, அவளுடைய குடும்பத்தின் தாழ்வு, அவ்வுறவால் தனக்கு நேரும் இழிவு என்பனவற்றை விரிக்கிறான். அவனளவில் இது காதலின் வலிமைக்குச் சான்று. எலிசபெத்தோ அதன் மறுபக்கத்தைக் கேட்கிறாள். தன் விருப்பத்துக்கும் அறிவுக்கும் பண்புக்கும் மாறாகவே அவளை விரும்பியதாக அவன் சொல்லத் துணிந்தது ஏன் என்பது அவளுடைய வினா. ஜேனுக்கும் விக்கமுக்கும் அவன் இழைத்ததாக அவள் நம்பிய தீங்குகள் அதன்பின்னரே பேசப்படுகின்றன. முதலிற் புண்படுத்தியது அவன் காதலைச் சொன்ன முறையே.

இவ்விடத்தைத் தமிழாக்குவோன் 'என்னையறியாமலே உன்மீது காதல் கொண்டுவிட்டேன்' என்று எழுதினால் வாக்கியம் இனிமையாக அமையும், காட்சி சிதைந்துவிடும். டார்சி அறியாமற் காதலித்தவனல்லன்; நன்கறிந்து, எடைபோட்டு, எதிர்த்து நின்று தோற்றவன். அறியாமையைப் புகுத்தினால் எலிசபெத்தின் சினத்துக்குக் காரணமே இல்லாமற் போய்விடும். அவள் வெறும் வாயாடியாகத் தோன்றுவாள். 'காதலிக்காமல் இருக்க முடியவில்லை' என்பது பொருளிற் பிழையன்று. ஆனால், யாரும் தடுக்காதபோதும் 'குறிப்பிடாமல் இருக்க முடியாது' என்று எழுதிப் பழகிவிட்ட நமது விமர்சனக் கட்டுரைகளால் அத்தொடர் வலுவிழந்துவிட்டது. 'எவ்வளவோ தடுத்தும் மனம் கேட்கவில்லை' என்னும் பேச்சுவழக்கே மூலத்துக்கு நெருக்கமானது. தடுத்தவனும் அதில் உண்டு. அவனுடைய தோல்வியும் உண்டு.

58ஆம் அதிகாரத்தில் டார்சி மீண்டும் கேட்கிறான். அவனது அன்பு மாறவில்லை, கூற்றே மாறியிருக்கிறது. அடக்கவியலாத உணர்ச்சி என்ற பேச்சு இம்முறை இல்லை. அவள் ஒரு சொற் சொன்னால் அவ்விடயத்தில் என்றென்றைக்கும் மௌனமாகிவிடுவதாகக் கூறி, அவளுடைய விடைக்காகக் காத்திருக்கிறான்.