உயரத்தைக் கழித்தால் எஞ்சுவது

தர்ஜினி சிவலிங்கத்தின் உயரம் 208 சென்ரிமீற்றர். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் தாண்டித் தங்கம் வென்ற தடி 203 சென்ரிமீற்றரில் இருந்தது. யாழ்ப்பாணத்தின் ஒரு சாதனையை விட இன்னொரு சாதனையாளர் ஐந்து சென்ரிமீற்றர் உயரம் என்பது சுவையான கணக்கு. மதிப்பீட்டுக்கு அது உதவாது. ஆனாலும் தர்ஜினியைப் பற்றி எழுதப்படும் பாராட்டுகளில் பல இந்த அளவுகோலில் தொடங்கி இதிலேயே முடிந்துவிடுகின்றன. நானும் இங்குதான் தொடங்கியிருக்கிறேன். இங்கு முடிக்க மாட்டேன்.

புகழ் மண்டபம் ஒன்று இருந்தால், முதல் ஆசியக் கிண்ணத்தை முப்பது வயதில் தொட்ட இந்த வலைப்பந்தாட்ட வீராங்கனைக்கு அதில் இடமுண்டா? மண்டபக் கலாசாரம் முற்றியிருப்பது அமெரிக்க பேஸ்போலில். அங்கே பத்துப் பருவங்களாவது ஆடியிருக்க வேண்டும். எழுத்தாளர் வாக்கில் 75 வீதம் பெறவேண்டும். அங்கே நமக்குப் பொருத்தமான ஒருவர் இருக்கிறார்: எறிவாளர் ரண்டி ஜோன்சன். அவர் உயரமும் 208 சென்ரிமீற்றர். 1990 முதல் 1992 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாக, அமெரிக்கன் லீக்கில் எதிரணிக்கு முதல் தளத்தை இலவசமாக வாரி வழங்கியவர்களில் முதலிடம் அவருக்குத்தான். பந்து அவர் சொல் கேட்கத் தொடங்கியபோது வயது முப்பதை நெருங்கியிருந்தது. சிறந்த எறிவாளருக்கான சை யங் விருதை 1999 முதல் தொடர்ந்து நான்கு முறை வென்றார். 2015இல் 97.3 வீத வாக்குகளோடு மண்டபத்துக்குள் போனார். உயரம் முதல் நாளிலிருந்தே இருந்தது. வாக்குகளைக் கொண்டுவந்தது கட்டுப்பாடு.

தர்ஜினியிடமும் அதையே தேடவேண்டும். வலைப்பந்தாட்ட வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், பின்பலகை இல்லாமல் நிற்கிறது. பந்தோடு நடக்க முடியாது. மூன்று விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். இந்த விதிகளுக்குள் உயரம் தருவது பந்தைப் பெறும் வசதியை மட்டுமே. தலைக்கு மேலே வரும் பந்தைத் தடுப்பாளரின் உரசலுக்கிடையே ஒரே பிடியில் எடுப்பதும், வட்டத்துக்குள் பிடித்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்பதும், பலகையின் துணையின்றிப் பந்தை வளைவாக இறக்குவதும் பழகிப் பெற்றவை. வளையத்துக்கு நேர்கீழே நின்று எறிவது சுலபமென்று நினைப்பவர் ஒருமுறை எறிந்து பார்க்கலாம். இந்த மூன்றிலும் அவர் நேர்த்தியானவர். வேகத்திலும் இடமாற்றத்திலும் அல்ல.

குறைகளை மூடிமறைக்கத் தேவையில்லை. 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள், தொடரிலேயே அதிகம், வயது நாற்பது. எண் பிரமிக்க வைக்கிறது. பிரித்துப் பார்த்தால் அதன் பளபளப்பு சற்று மங்கும். இலங்கை ஆடிய ஏழு ஆட்டங்களில் நான்கு, கடைநிலை அணிகளுக்கிடையிலான சுற்றுக்கும் தரவரிசைக்குமானவை. முடிவில் பதினாறு அணிகளில் பதினைந்தாவது இடம். எல்லாப் பந்தும் ஒருவரையே நோக்கிப் போகும் அணியில் கோல் எண்ணிக்கை பெருகும். எதிரணிக்கு அவிழ்க்க வேண்டிய முடிச்சும் ஒன்றாகிவிடும். ஜமைக்காவின் ஜனீல் ஃபௌலரும் உயரத்தால் அறியப்பட்டவர்தான், ஆனால் உலகின் கடினமான லீக்கான அவுஸ்திரேலிய சூப்பர் நெற்போலில் பருவம் பருவமாகத் தன்னை நிறுவியவர். தர்ஜினி மெல்பேர்ணில் ஆடிய விக்ரோரிய மாநில லீக் அதற்குக் கீழ்ப்படி. ஆசியக் கிண்ணங்களிலும் ஒரு நியாயம் சொல்லவேண்டும்: இலங்கை வென்ற ஆறில் 1989, 1997, 2001 ஆகிய மூன்றும் அவர் வருமுன்பே வந்தவை.

இந்த இடத்தில் பலர் போரை எடுப்பார்கள். 1979இல் பிறந்தவர், ஊர் புன்னாலைக்கட்டுவன், 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது வயது பதினாறு. ஒரு வீராங்கனை உருவாகும் ஆண்டுகளில் அந்தத் தலைமுறைக்கு மைதானமே இல்லை. உண்மைதான். ஆனால் அது தாமதத்துக்கான விளக்கம். மதிப்பெண்ணாக அதை எழுத முடியாது. கறுப்பர் என்பதால் கதவடைக்கப்பட்டு, 42 வயதில் முதன்மை லீக்கில் நுழைந்த சாச்சல் பேஜ் 1971இல் மண்டபத்தில் சேர்ந்தார். பத்துப் பருவ விதியை அவருக்குத் தளர்த்தினார்கள். அவரது இழந்த ஆண்டுகளுக்காக அல்ல. அந்த ஆண்டுகளில் நீக்ரோ லீக்குகளில் அவர் ஆடிக் காட்டியிருந்ததற்காக. ஆடாத ஆட்டத்தை எந்தத் தேர்வுக்குழுவும் எண்ண முடியாது. எண்ணினால் வலிகாமத்தில் பாதிப்பேரை மண்டபத்தில் சேர்க்க வேண்டிவரும்.

ஆகவே ஆடியதை மட்டும் வைத்துப் பார்ப்போம். 2009இல் ஆசியக் கிண்ணம். 2011 உலகக் கிண்ணத்தில் சிறந்த கோல் எறிவாளர் விருது. பிறகு கிண்ணமில்லாத ஆண்டுகள். 2018இல் சிங்கப்பூரில், 39 வயதில் மறுபடி கிண்ணம். இறுதியாட்டத்தில் சிங்கப்பூரை 69-50 என வென்ற அணியின் அச்சு அவர். 2022இல், 43 வயதில், மூன்றாவது முறை. முதற்கிண்ணத்துக்கும் மூன்றாவதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். உயரம் காரணமென்றால், அதை அறிந்து ஒவ்வொரு முறையும் திட்டத்தோடு வந்த எதிரணிகள் இத்தனை காலத்தில் அதற்கு விடை கண்டிருக்க வேண்டும். ஆசிய மட்டத்தில் காணவில்லை. உலக மட்டத்தில் வலிய அணிகள் கண்டன.

ஆகவே ஆசிய மண்டபத்தில் அவருக்கு இடமுண்டு, முதற்சுற்று வாக்கிலேயே. உலக மண்டபமென்றால் என் வாக்கைத் தரமாட்டேன், ஃபௌலருக்குத்தான் அது. யாழ்ப்பாண மண்டபத்தில் எதிர்வீரசிங்கத்துக்கு அடுத்த சுவர். பெயர்ப்பலகையில் மூன்று கிண்ணங்களின் ஆண்டுகளும் 348உம் இருக்கட்டும், 208ஐ எழுதவேண்டாம்.