அழுகையின் நான்கு நிலைக்களன்கள்: பல்ராஜ் சாஹ்னியின் திரைவேடங்கள்

பல வேடங்களைப் புனைந்தவரே பெரிய நடிகர் என்னும் கருத்து நம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. தாடி ஒட்டி ஒரு வேடம், மீசை முறுக்கி ஒரு வேடம், கூனிக் குறுகி ஒரு வேடம் என்று எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்துப் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டில் பெரும்பகுதி ஒப்பனைக்காரரைச் சேர வேண்டியது. நடிகரின் திறமை வேறு.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக்க அரபு மொழியின் இரு சொற்கள் நமக்குத் துணை செய்கின்றன. ஒன்று தக்லீத்; மற்றொன்று தஹ்கீக். கழுத்தில் அணியும் மாலையைக் குறிக்கும் கிலாதா என்னும் சொல்லும் தக்லீதும் ஒரே வேரில் பிறந்தவை. பிறர் செய்ததை அப்படியே வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது தக்லீத். தஹ்கீக் என்பதோ உண்மையைக் குறிக்கும் ஹக் என்னும் வேரிலிருந்து வருவது. ஒன்றை உசாவி, ஆராய்ந்து, அதன் மெய்யை நிலைநாட்டுவது. மார்க்கச் சட்டத்தில் தக்லீத் பற்றி நிகழும் விவாதம் இங்கே நமக்கு வேண்டுவதில்லை. நடிப்புக்கு மட்டும் இவ்விரு சொற்களையும் அளவுகோலாகக் கொள்வோம். அவ்வாறு கொண்டால், இந்தித் திரையில் தஹ்கீக் செய்து நடித்தவர்களின் முன்வரிசையில் பல்ராஜ் சாஹ்னியை நிறுத்த வேண்டும் என்பது நம் துணிபு.

அவர் 1913 ஆம் ஆண்டு மே முதல் நாள் பிறந்தவர். ராவல்பிண்டியில் வாழ்ந்த ஆரிய சமாஜக் குடும்பம். லாகூர் அரசினர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். சாந்திநிகேதனில் ஆசிரியர் பணி, காந்தியடிகளின் சேவாகிராமத்தில் சில காலம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் பி.பி.சி. வானொலியில் இந்தி அறிவிப்பாளர் பணி. இத்தனைக்கும் பிறகே அவர் நாடக மேடைக்கும் திரைக்கும் வந்தார். வங்கப் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட 'தர்தீ கே லால்' (1946) அவருடைய தொடக்க காலப் படங்களுள் ஒன்று. தம் அரசியல் கொள்கைக்காகச் சிறைப்பட்டிருந்தபோது, தனி அனுமதி பெற்று வெளியே வந்து 'ஹல்சல்' (1951) படத்தில் நடித்தார். அப்படத்தில் அவருக்குக் கிடைத்தது சிறை அதிகாரியின் வேடம்! பகலில் சிறையதிகாரி, இரவில் கைதி. பிறனுடைய நிலையில் நின்று பார்ப்பதற்கு இதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் வேறு எது இருக்க முடியும்?

அவருடைய வேடங்களை எவ்வாறு வகைப்படுத்துவது? இங்கே தொல்காப்பியர் நமக்கு வழிகாட்டுகிறார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் அவர், அழுகை பிறக்கும் களன்கள் நான்கு என்பார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியனாதல் இளிவு. உற்றாரையும் உடைமையையும் இழத்தல் இழவு. முன்பிருந்த நன்னிலை கெட்டு வேறாகி வருந்துதல் அசைவு. துய்க்க விரும்பியும் துய்க்க இயலாமை வறுமை. எல்லாக் கண்ணீரும் ஒரே கண்ணீர் அன்று என்னும் நுட்பத்தை நம் முன்னோர் இவ்வளவு தெளிவாக வகுத்து வைத்திருக்கின்றனர். சாஹ்னியின் பெருமையும் இதுவே. நான்கு களன்களையும் அவர் நடித்தார். ஒன்றன் அழுகையை மற்றொன்றில் கலக்கவில்லை.

முதலில் வறுமையை எடுத்துக்கொள்வோம். பிமல் ராய் இயக்கிய 'தோ பீகா ஜமீன்' 1953 இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் பன்னாட்டுப் பரிசைப் பெற்றது. சம்பு மஹதோ இரண்டு பீகா நிலத்துக்கு உரியவன். ஆலை கட்ட அந்நிலம் ஜமீன்தாருக்கு வேண்டும். அறுபத்தைந்து ரூபாய்க் கடன் என்று நம்பி, வீட்டுப் பொருள்களை விற்றுப் பணத்தோடு போனவனுக்கு, கணக்கில் இருநூற்று முப்பத்தைந்து ரூபாய் நிற்கிறது. நீதிமன்றம் மூன்று மாதத் தவணை தருகிறது. அவன் கல்கத்தாவுக்குப் போய்க் கைரிக்ஷா இழுக்கிறான்.

இலண்டனில் வாழ்ந்து திரும்பிய, நெடிய உருவமும் வெளுத்த மேனியும் கொண்ட இந்த மனிதர் குடியானவனாகப் பொருந்துவாரா என்று பிமல் ராய் முதலில் ஐயுற்றார். ஐயம் நியாயமானதே. சாஹ்னி அதற்கு ஒப்பனையால் விடை சொல்லவில்லை. பம்பாயின் ஜோகேசுவரிப் பகுதியில் எருமை வளர்த்துப் பால் விற்று வாழ்ந்த வடநாட்டுக் குடியானவர்களிடையே சென்று, அவர்கள் நடப்பதையும் உட்காருவதையும் தலையில் துண்டு கட்டுவதையும் கண்டு பயின்றார். கல்கத்தாவில் வெறுங்காலோடு ரிக்ஷா இழுத்துப் பழகினார். ஆயினும் படப்பிடிப்பின்போது தம் நடிப்பில் அவருக்கே நம்பிக்கை தளர்ந்தது. சோர்ந்து உட்கார்ந்திருந்த அவரிடம் பீகாரைச் சேர்ந்த ரிக்ஷாக்காரர் ஒருவர் வந்து, என்ன படம் என்று கேட்டார். சாஹ்னி கதையைச் சொன்னார். கேட்டவரின் கண்கள் நிறைந்தன; அது தம் சொந்தக் கதை என்றார். அவருக்கும் ஊரில் சிறிது நிலம். அதுவும் ஜமீன்தாரிடம் அடைமானம். அன்று முதல் நடிப்புக் கொள்கைகளை மறந்து அந்த மனிதரை மட்டுமே நினைத்து நடித்ததாகச் சாஹ்னி பின்னர் எழுதினார். தக்லீத் முடிந்து தஹ்கீக் தொடங்கிய இடம் இதுவென்று நாம் கொள்ளலாம். நடையையும் தலைக்கட்டையும் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிந்தது. அந்த மனிதரின் பதினைந்து ஆண்டு ஏக்கத்தைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

இதன் பயனைப் படத்தின் இரு இடங்களில் காணலாம். ஒரு பயணி முன்செல்லும் ரிக்ஷாவைப் பிடிக்கச் சொல்லிக் காசை ஏற்றிக்கொண்டே போக, சம்பு குதிரையைப்போல் ஓடுகிறான். சக்கரம் கழன்று வீழ்கிறான். அந்த ஓட்டத்தில் அவன் முகத்தில் தன்னிரக்கம் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. ஏறும் ஒவ்வொரு காசையும் அவன் கடனில் கழித்துக்கொண்டே ஓடுகிறான். இறுதியில், தன் நிலத்தில் எழும் ஆலைக்கு வெளியே நின்று ஒரு பிடி மண்ணை அள்ளுகிறான். காவலாளி அதையும் கீழே போடச் சொல்கிறான். விரல்கள் விரிந்து மண் உதிர்கிறது. துய்க்க முடியாமை என்று உரையாசிரியர்கள் சொன்ன வறுமை இதுதான்.

அடுத்தது இழவு. இரவீந்திரநாத் தாகூரின் 'காபூலிவாலா' கதையை ஹேமேன் குப்தா 1961 இல் இந்திப் படமாக இயக்கினார். தயாரித்தவர் பிமல் ராய். காபூலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து உலர்பழம் விற்கும் பட்டாணியர், மினி என்னும் வங்கச் சிறுமியிடம் தாம் விட்டுவந்த மகளைக் காண்கிறார். கடன்காரனோடு நேர்ந்த தகராற்றில் கத்தியால் குத்திவிட்டுச் சிறை செல்கிறார். மீண்டு வரும் நாள் மினியின் திருமண நாள். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தம் மகளும் இவ்வாறே வளர்ந்து, தம்மை மறந்திருப்பாள் என்பதை அப்போதுதான் உணர்கிறார்.

இக்கதையைத் தபன் சின்ஹா 1957 இலேயே வங்க மொழியில் படமாக்கியிருந்தார். அதில் சபி பிஸ்வாஸ் நடித்தார். இருவரையும் ஒப்பிட்டால், பிஸ்வாஸிடம் கம்பீரம் மிகுதி. சாஹ்னியிடம் வெகுளித்தன்மை மிகுதி. குறையொன்றும் சொல்லவேண்டும். முற்பகுதியில் பட்டாணியரின் பேச்சு வாடையைச் சாஹ்னி சற்று அழுத்திக் காட்டிவிடுகிறார் என்றே நமக்குத் தோன்றுகிறது. எல்லைப்புற மக்களை நெருங்கி அறிந்த ராவல்பிண்டிக்காரருக்கு அது தேவையில்லை. ஆனால் அந்த இறுதிச் சந்திப்பில் வாடையும் இல்லை, வேடமும் இல்லை. மகளின் சிறு கையைப் பதித்த தாளொன்றை அவர் ஆண்டுகள் பல மார்போடு சுமந்திருக்கிறார். அந்தக் கை இனி அவ்வளவு சிறிதாக இராது. இழந்தது மகளை மட்டும் அன்று. மகளின் பிள்ளைப் பருவத்தை. அதை யாராலும் மீட்டுத்தர இயலாது.

அசைவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. யஷ் சோப்ராவின் 'வக்த்' (1965) படத்தில் சாஹ்னி செல்வரான வணிகர் லாலா கேதார்நாத். மூன்று மைந்தரைப் பெற்று, எதிர்காலம் தம் கையில் என்று செருக்கி நிற்கிறார். ஒரு நிலநடுக்கம் மாளிகையையும் குடும்பத்தையும் சிதறடிக்கிறது. முற்பகுதியின் செருக்கைச் சாஹ்னி மிக மகிழ்ச்சியோடு நடித்தார். அதனாலேயே வீழ்ச்சி நம்மைத் தாக்குகிறது. ஆயினும் படம் விரைவில் மைந்தர்களின் பக்கம் சென்றுவிடுகிறது. தந்தையின் தளர்ச்சி கதையின் திருப்பமாக நிற்கிறதேயன்றி, முழுதாக வளரவில்லை. இது நடிகரின் குறையன்று.

சாஹ்னியிடம் என்றும் ஒரே தணிந்த குரல், ஒரே அமைதி. இதில் பல்திறன் எங்கே என்று கேட்பாரும் உளர். அவர்கள் 'அனுராதா' (1960) படத்தைப் பார்க்கட்டும். அங்கும் அதே தணிந்த குரல்தான். ஆனால் சிற்றூர் மருத்துவரான அவர் அந்த அமைதியாலேயே, இசைக்கலையைத் துறந்து தம்மோடு வந்த மனைவியை வாட்டுகிறார். தீமை செய்கிறோம் என்று அறியாத நல்லவரின் தவறு அது. சம்புவிடம் பொறுமையாய் இருந்த அமைதி, மருத்துவரிடம் பாராமுகமாகிறது. கருவி ஒன்று; எழும் பண் வேறு.

இனி இளிவு. நான்கனுள் நடிப்பதற்கு மிகக் கடினமானது இதுவே. வறுமையைக் கந்தையால் காட்டலாம். இழவைக் கண்ணீரால் காட்டலாம். இகழப்படுதலை எதைக்கொண்டு காட்டுவது? மானமுள்ளவன் தான் இகழப்பட்டதை மறைக்கவே முயல்வான். மறைப்பதையே நடிக்க வேண்டும். எம்.எஸ். சத்யு இயக்கிய 'கரம் ஹவா'வில் சாஹ்னி இதனைச் செய்தார். இஸ்மத் சுக்தாயின் கதையைத் தழுவி, கைஃபி ஆஸ்மியும் ஷமா ஜைதியும் திரைக்கதை எழுதினர். கலவரம் மூளுமோ என்ற அச்சத்தில் தணிக்கையில் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டு, 1974 இல் வெளிவந்தது.

சலீம் மிர்ஸா ஆக்ராவில் காலணி செய்விக்கும் தொழிலகத்தின் உரிமையாளர். நாடு பிரிந்துவிட்டது. காந்தியடிகள் கொல்லப்பட்டுவிட்டார். அந்தத் தியாகம் வீண்போகாது, எல்லாம் சீர்ப்படும் என்று நம்பி அவர் ஆக்ராவிலேயே இருக்கிறார். உறவினர் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்குப் புறப்பட, இரயில் நிலையத்தில் கையசைத்து வழியனுப்புகிறார். கடன் தருவோர் கைவிரிக்கின்றனர்; இவரும் நாளை ஓடிவிடமாட்டார் என்பதற்கு என்ன உறுதி என்பது அவர்களின் நினைப்பு. சகோதரர் பெயரில் இருந்த பரம்பரை மாளிகை அரசின் கைக்குப் போகிறது. வாடகை வீடு தேடி அலைகையில், தம் பெயரைச் சொல்லி, தாம் முஸ்லிம் என்பதையும் தாமே முன்கூட்டிச் சொல்லி, இனியும் வீட்டைப் பார்க்கலாமா என்று வினவுகிறார். குரலில் கசப்பில்லை, வணிகர் சரக்கின் குறையை முதலிலேயே சொல்லிவிடும் நேர்மை மட்டுமே இருக்கிறது. தம் மார்க்கத்தை ஒரு குறையைப்போல் முன்வைக்க ஒரு கண்ணியவான் தள்ளப்படுகிறார்; அதையும் கண்ணியத்தோடு செய்கிறார். இந்த ஒரு காட்சிக்கு ஈடாக இந்தித் திரையில் வேறு காட்சியை நாம் அறியோம்.

வேவு பார்த்தார் என்ற பழி அவர்மேல் விழுகிறது. விடுவிக்கப்பட்ட பின்பும் ஊராரின் பார்வை விடுவிப்பதில்லை. இரு முறை நம்பி இரு முறையும் கைவிடப்பட்ட மகள் ஆமினா தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். அங்கே சாஹ்னி ஓலமிடவில்லை. பார்க்கிறார், அவ்வளவே. இப்படத்துக்குச் சிறிது காலம் முன்புதான் அவர் தம் சொந்த மகளை இழந்திருந்தார். அத்துயரைத் திரையில் கடைவிரிக்க அவர் இசையவில்லை என்பதே அந்த மௌனத்தின் மாண்பு.

இந்தித் திரையில் முஸ்லிம் என்றால் நவாபு, கவாலிப் பாடகர், அல்லது நாயகனுக்காக உயிர்விடும் நண்பர் என்று வார்ப்புகள் இருந்தன. அவையெல்லாம் தக்லீத். சலீம் மிர்ஸா கணக்கேடு பார்ப்பவர், தொழிலாளருக்குக் கூலி கொடுப்பவர், வயது முதிர்ந்த தாயைக் காப்பவர். நம் தந்தையரையும் சிறிய தந்தையரையும்போல் ஒருவர். பிரிவினையைப் பெரும்பாலும் செய்தித்தாளில் படித்தறிந்த நம் தமிழகத்து முஸ்லிம்களுக்கும், சந்தேகத்தின் பார்வை எத்தகையது என்பதை இப்படம் உணர்த்தும். நம் வீட்டு இளைஞர்கள் திரையில் தம்மைத் தேடும்போது, அவர்களுக்குக் காட்டத்தக்கது இது. படம் செப்பனிடப்பட்டு 2014 இல் மீண்டும் திரையிடப்பட்டது. எனவே காணவியலாத பழம்பொருளும் அன்று.

இவ்வேடத்தைத் தாங்கியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே பிரிவினையால் ராவல்பிண்டியை இழந்த குடும்பத்தின் பிள்ளை அவர். 1962 இல் பாகிஸ்தான் சென்று பிறந்த மண்ணைக் கண்டு, பஞ்சாபியில் பயணநூலும் எழுதியவர். அந்தப் பக்கத்திலிருந்து துரத்தப்பட்டவர்களின் வலியை எடுத்துவந்து, இந்தப் பக்கத்தில் துரத்தப்படுகிறவருக்கு அவர் உடுத்தினார். பழிக்குப் பழி என்று பலர் கொண்ட இடத்தில், வலிக்கு வலி சாட்சி என்று கொண்டார். அவருடைய வேடங்களுள் சலீம் மிர்ஸாவே தலையாயது என்று நாம் தீர்ப்பதற்கு இதுவே காரணம். வறுமை, இழவு, அசைவு மூன்றும் இளிவோடு சேர்ந்து இந்த ஒரு மனிதரிடம் குடிகொண்டிருக்கின்றன.

படத்தின் முடிவில் மிர்ஸாவும் தளர்ந்து, குடும்பத்தோடு குதிரைவண்டியில் இரயில் நிலையத்துக்குப் புறப்படுகிறார். வழியில் வேலை கேட்டு ஊர்வலம் வருகிறது. இளைய மகன் இறங்கி அதில் கலக்கிறான். தந்தை மனைவியை வீட்டுக்குத் திருப்பியனுப்பிவிட்டுத் தாமும் இறங்குகிறார். மனிதன் எவ்வளவு காலந்தான் தனித்து வாழ இயலும் என்பது அப்போது அவர் சொல்வதன் கருத்து. அவ்வசனத்தின் ஒலிப்பதிவை முடித்துக் கொடுத்த மறுநாள், 1973 ஏப்ரல் 13 அன்று, சாஹ்னி காலமானார். திரையில் தம் மிகச் சிறந்த வேடத்தை அவர் காணவில்லை. காணும் பொறுப்பு நம்முடையது.