சொல்லில் தேடிய தீர்ப்பு

தமிழ்ச் சீர்திருத்த சபைகளில் இன்றும் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் 1 கொரிந்தியர் 6:9ஐ எடுத்துப் பார்த்தால், தேவனுடைய ராஜ்யத்துக்குள் போகாதவர்களின் பட்டியலில் 'சுயபுணர்ச்சிக்காரர்' என்றொரு சொல் இருக்கிறது. அதற்கடுத்த சொல் 'ஆண்புணர்ச்சிக்காரர்'. தன்பாலீர்ப்பைக் கண்டித்துப் பிரசங்கிக்கிறவர்கள் இரண்டாவது சொல்லில்தான் நிலைகொள்வார்கள். முதலாவதைத் தொட மாட்டார்கள். தொட்டால் வாலிபர் ஐக்கியம் மொத்தமும் தலைகுனிய வேண்டியிருக்கும்.

முதற்சொல்லின் கிரேக்க மூலம் 'மலாக்கோய்'. மென்மையானவர்கள் என்பது நேர்ப்பொருள். மத்தேயு 11:8இல் இதே சொல் துணிக்கு அடைமொழியாக வருகிறது. அங்கே தமிழில் 'மெல்லிய வஸ்திரம்'. ஆளைக் குறிக்கும்போது அது எந்த மென்மை என்பதில் ஒவ்வொரு காலமும் தன் கவலையை ஏற்றிவைத்தது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு இணையான லத்தீன் சொல்லைச் சுயபுணர்ச்சிக்கே பயன்படுத்தினார். அந்த மரபின் சாயல்தான் தமிழில் தெரிகிறது. 1611இன் கிங் ஜேம்ஸ் பதிப்பு 'பெண்தன்மை உடையவர்' என்ற பொருளில் எழுதியது. 1946இல் வந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு இரண்டு சொற்களையும் ஒன்றாக்கி 'ஹோமோசெக்‌ஷுவல்ஸ்' என்று போட்டது. அந்தச் சொல்லே 1869இல்தான் ஜெர்மனியில் அச்சேறியது. 1971 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அதை வாசித்து வளர்ந்தவர்களுக்கோ, பவுலே அப்படித்தான் எழுதினார் என்று ஆகிவிட்டது.

'வேதம் தெளிவாகச் சொல்கிறது' என்ற வாக்கியத்தை இவ்வகையில் ஆட்டம் காணவைத்தது, சொல்லாராய்ச்சி வழியாக நடந்த மறுவாசிப்பு. ஆங்கிலிக்கன் குருவான டெரிக் ஷெர்வின் பெய்லி 1955இல் தொடங்கிவைத்தார். ஜான் பாஸ்வெல் 1980இல் அதைப் பெரிய வரலாற்று நூலாக விரித்தார். இந்த வாசிப்பின் ஆகச் சிறந்த சாதனை சோதோமை மீட்டெடுத்ததுதான். ஆதியாகமம் 19இல் ஊரார் லோத்துவின் வீட்டைச் சூழ்ந்துகொண்டு விருந்தாளிகளை வெளியே விடச் சொல்வது வன்புணர்ச்சிக்காக. நியாயாதிபதிகள் 19இல் கிபியா ஊரார் அதையேதான் கேட்கிறார்கள். அங்கே ஒரு பெண் இரவெல்லாம் சிதைக்கப்பட்டுச் சாகிறாள். அதைப் படித்துவிட்டு ஆண்-பெண் உறவே பாவம் என்று எவரும் பிரசங்கித்ததில்லை. எசேக்கியேல் 16:49 சோதோமின் குற்றமாகச் சொல்வது கர்வத்தையும், ஆகாரத் திரட்சியையும், எளியவனைக் கைவிட்டதையும். இந்த அளவுகோலை வைத்தால் நம் ஊர்களில் பல, சோதோமுக்கு வெகு அருகில் இருக்கின்றன.

ஆனால் இந்த வாசிப்பு தன் வெற்றியில் மயங்கிவிட்டது என்பது என் எண்ணம். சோதோமைப் பாலுறவோடு இணைத்தது இடைக்காலத் திருச்சபையின் கற்பனை மட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். பவுலின் காலத்து யூத அறிஞர் ஃபிலோவே அப்படித்தான் வாசித்தார். யூதாவின் நிருபத்திலும் அந்தத் தொனி இருக்கிறது. இறால் வாதமும் இப்படித்தான். 'லேவியராகமத்தில் இறாலும் அருவருப்பு, இதுவும் அருவருப்பு. இறால் தொக்கு சாப்பிடுகிறீர்களே' என்று மடக்குவது கேட்க ருசியாக இருக்கும். தமிழில் இரண்டு இடத்திலும் 'அருவருப்பு' என்றிருப்பதால் வாதம் எடுபடவும் செய்யும். எபிரேயத்தில் இரண்டும் வேறு சொற்கள்: 11ஆம் அதிகாரத்து இறால் வகைக்கு 'ஷெக்கெட்ஸ்', 18ஆம் அதிகாரத்துப் புணர்ச்சிக்கு 'தோஎவா'. மூலத்தைப் பார்க்கச் சொல்கிறவர்களே மூலத்தைப் பாராமல் பேசலாமா? அவர்கள் உண்மையில் காட்டவேண்டிய இடம் எசேக்கியேல் 18:13. வட்டி வாங்குவதை 'தோஎவா'க்களின் வரிசையில் வைக்கும் வசனம் அது. வட்டிக்கு விடுகிறவர் சபைக் கமிட்டியில் இருப்பதற்கு யாரும் லேவியராகமத்தைத் திறப்பதில்லை.

பாஸ்வெல் சறுக்கிய இடம் பட்டியலின் இரண்டாவது சொல். 'அர்செனோகொய்ட்டாய்' ஆண் விலைமகன்களைக் குறிக்கும் என்றார். பவுலுக்கு முன் அந்தச் சொல்லை யாரும் எழுதியதாகச் சான்றில்லை. அதனால் எதையும் சொல்லிப் பார்க்கலாம் என்ற சுதந்திரம் இருந்தது. 1984இல் டேவிட் ரைட் ஒரு எளிய விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். லேவியராகமம் 20:13இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் 'ஆண்', 'படுக்கை' என்ற இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை ஒட்டினால் பவுலின் சொல் பிறக்கிறது. அப்படியானால் தமிழின் 'ஆண்புணர்ச்சிக்காரர்' மோசமான மொழிபெயர்ப்பு அல்ல. சிறுவர்களையும் அடிமைகளையும் பயன்படுத்திய உறவுகளைத் தவிரப் பவுலுக்கு வேறெதுவும் தெரியாது என்ற வாதத்தையும் பெர்னடெட் புரூட்டனின் 1996 நூல் பலவீனமாக்கியது. வாழ்நாள் முழுதும் பெண்ணையே நாடும் பெண்களைப் பண்டைய சோதிடமும் மருத்துவமும் அறிந்திருந்தன என்று அவர் காட்டினார். புரூட்டன் மரபுவாதி அல்ல. பவுல் தவறு என்று சொல்லத் துணிந்தவர், பவுலை நல்லவராக்க மெனக்கெடாதவர்.

ரோமர் 1இல் இன்னொரு வகைச் சிக்கல். 'சுபாவத்துக்கு விரோதம்' என்ற அந்தத் தொடர் மேலை இறையியல் வழியாகச் சட்டத்துக்குள் நுழைந்து, 1860இன் இந்திய தண்டனைச் சட்டத்தில் 377ஆம் பிரிவின் 'இயற்கைக்கு மாறான' என்ற சொல்லாட்சியாக வந்து அமர்ந்தது. வயதுவந்தோர் மனமொத்த உறவை அதன் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவிக்க 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நிருபத்தின் 11:24இலும் அதே தொடர் வருகிறது. அங்கே சுபாவத்துக்கு விரோதமாகச் செயல்படுகிறவர் கடவுள். காட்டொலிவக் கிளையை நல்ல மரத்தில் ஒட்டுகிறார். தமிழ் மொழிபெயர்ப்பு இரண்டு இடத்திலும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. கிரேக்கம் தெரியாத வாசகரும் இதைப் பிடிக்கலாம். மேடையில் மட்டும் கேட்டதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த ஒப்புமை 'சுபாவ விரோதம்' எப்போதும் பாவம் ஆகாது என்று மட்டுமே காட்டும். 1ஆம் அதிகாரத்தில் பவுல் அதைக் கண்டிக்கவில்லை என்று காட்டாது.

அப்படியானால் மரபு வாசிப்பு வென்றுவிட்டதா? வசனம்வசனமாகப் பார்த்தால் அதன் கை ஓங்கியிருக்கிறது. ராபர்ட் காக்னன் 2001இல் எழுதிய தடித்த நூலை இன்னும் யாரும் முழுதாக வீழ்த்தவில்லை. மரபு வாசிப்பின் ஓட்டை வேறிடத்தில். மணமுறிவைப் பற்றி இயேசு தம் வாயாலேயே பேசியிருக்கிறார். மறுமணம் செய்துவைக்கும் சீர்திருத்த சபைகள் அங்கே சூழலையும் இரக்கத்தையும் எண்ணிப் பார்க்கின்றன. தன்பாலீர்ப்பைப் பற்றி அவர் பேசியதாகச் சுவிசேஷங்களில் ஒரு வரியும் இல்லை. அங்கே மட்டும் சூழலுக்கு இடமில்லை என்கின்றன. எந்த வசனத்தைச் சூழலோடு வாசிப்பது, எதை நேரடியாக வாசிப்பது என்ற தேர்வு வசனத்துக்கு வெளியே நடக்கிறது. பெரும்பான்மைக்குத் தேவைப்படுகிற சலுகைதான் விளக்கம் பெறுகிறது.

இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் கத்தோலிக்க அறிஞர் லூக் திமொத்தி ஜான்சன். வேதத்தின் சொல் நமக்கு எதிராகவே இருக்கிறது, மழுப்ப வேண்டாம். மனிதர்களின் வாழ்வில் கடவுள் செயல்படும் அனுபவத்தை மற்றோர் அதிகாரமாகக் கொண்டு அந்தச் சொல்லை மறுக்கிறோம் என்று 2007இல் எழுதினார். ரிச்சர்ட் ஹேஸின் கதை இன்னும் வியப்பு. 1996இல் அவர் எழுதிய புதிய ஏற்பாட்டு ஒழுக்கவியல் நூல் மரபுவாதிகளுக்குக் கைக்கோலாக இருந்தது. 2024இல் மகன் கிறிஸ்டோபரோடு சேர்ந்து முழு ஏற்பை நோக்கி வந்தார். பழைய வசன விளக்கத்தை அவர் மறுத்தெழுதவில்லை. வேதத்துக்குள்ளேயே கடவுளின் இரக்கம் விரிந்துகொண்டு போகிறது என்று காட்டினார். இதைத்தான் விமர்சகர்கள் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அதுவே நேர்மையாகப் படுகிறது.

ஆனால் இரக்கம் விரிகிறது என்றால் எதுவரை, யார் சொல்வது? அப்போஸ்தலர் 15ஐ முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். எருசலேமில் கூடியவர்கள் விருத்தசேதனம் இல்லாமலே புறவினத்தாரைச் சேர்த்துக்கொண்டார்கள். கூடவே நான்கு தடைகளையும் வைத்தார்கள்: விக்கிரகப் படையல், இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம். கோயில் பிரசாதத்தை இன்றும் கை நீட்டி வாங்காத நம் கிறிஸ்தவர்களில் ஆட்டு ரத்தப் பொரியலை விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. நான்கில் எது நிற்கும், எது உதிரும் என்று அந்த அதிகாரமே சொல்வதில்லை. ஆகவே அந்த அதிகாரம் கதவைத் திறக்கவும் உதவும், சாத்தவும் உதவும்.

அதைவிட 8ஆம் அதிகாரம் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. காசாவுக்குப் போகும் வனாந்தர வழியில் இரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவைப் படித்துக்கொண்டு வருகிறவரைக் கிரேக்க மூலம் திரும்பத் திரும்ப 'அண்ணகர்' (ஆண்மை நீக்கப்பட்டவர்) என்கிறது. உபாகமம் 23:1இன்படி விதை நசுங்கியவர் கர்த்தருடைய சபைக்குள் வரக்கூடாது. அவருக்கு ஏசாயாவை விளக்க வந்த பிலிப்பு அந்த வசனத்தை எடுக்கவில்லை. தண்ணீரைக் கண்டதும் தடையென்ன என்று கேட்டவரோடு இறங்கி ஞானஸ்நானம் கொடுக்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு மத்தேயு 19:12இலும் ஏசாயா 56:3இலும் 'அண்ணகர்' என்ற சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. இங்கே மட்டும் 'மந்திரி' ஆக்கிவிட்டது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எத்தியோப்பிய மந்திரியின் கதை என்றே அதைப் படிக்கிறார்கள். அவர் கையிலிருந்த பகுதி ஏசாயா 53. அண்ணகருக்குக் கடவுளின் வீட்டில் இடமுண்டு என்று சொல்லும் 56ஆம் அதிகாரம் அதே சுருளில், இன்னும் சற்றுத் தள்ளித்தான் இருந்தது.