கழிவை உருவாக்குபவர் யார்?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016இல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளைப் பெண்கள் ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்க்க வேண்டும். குப்பைமேட்டுக்குப் போவதைக் குறைக்க அவை சொன்ன வழி எளிது. மக்குவதை உரமாக்க வேண்டும், மக்காததை மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும், எதற்கும் உதவாத மிச்சத்தை மட்டுமே புதைக்க வேண்டும். அதற்கான கிடங்கைச் சிற்றூர்கள் தங்களுக்குள் பொதுவாக அமைத்துக்கொள்ளலாம் என்றன அவை. இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு வேலையும் யார் கையால் நடக்கும்?

'கழிவை உருவாக்குபவர்' பிரித்துத் தர வேண்டும் என்றன 2016 விதிகள். வீடு, கடை, விமான நிலையம் எல்லாம் இந்த ஒரே சொல்லில் அடங்கின. ஆண், பெண் என்ற பேதம் அதில் இருக்கவில்லை. நம் வீடுகளிலோ அந்தச் சொல் சமையலறையில் நிற்பவளைத்தான் போய்ச் சேர்கிறது. குப்பையைப் பிரிப்பது, பால் கவரைக் கழுவிக் காயவைப்பது, வண்டி வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பது எல்லாம் அவளுடைய அன்றாட வேலைகளோடு சேர்ந்துகொள்கின்றன. லாரிக்கும் டீசலுக்கும் கணக்கெழுதும் திட்டங்கள் அவளுடைய நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதற்காகப் பிரிக்காமல் விட்டுவிடவும் முடியாது. விட்டால், அந்த வேலை குப்பை பொறுக்கும் இன்னொரு பெண்ணின் கைக்குப் போகும். நாப்கினை எடுத்துக்கொள்வோம். மாதவிடாயைத் தீட்டென்று ஒதுக்கிவைக்கும் சமூகம், அதன் கழிவை வெறுங்கையால் பிரித்தெடுக்கும் வேலையைப் பெரும்பாலும் தலித் பெண்களிடம் விட்டிருக்கிறது. புனே நகரில் 'ஸ்வச்' கூட்டுறவைச் சேர்ந்த கழிவு சேகரிப்பாளர்கள் 2013இல் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். பயன்படுத்திய நாப்கின்களை மூட்டை கட்டி, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். கழிவை உருவாக்கியவர் தொழிற்சாலைக்காரரும்தான் என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

2016 விதிகள் இதைப் பாதி ஏற்றுக்கொண்டன. ஒவ்வொரு நாப்கினையும் சுற்றிப் போட உறை தருவது உற்பத்தியாளரின் கடமை ஆனது. கழிவு சேகரிப்பாளர்களின் பங்கை மாநிலக் கொள்கைகள் அங்கீகரிக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. இவை முக்கியமான முன்னேற்றங்கள். ஆனாலும் உறை தருவதோடு உற்பத்தியாளரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. சுற்றிக் கட்டுவதும், அள்ளுவதும், சுமப்பதும் பெண்களிடமே நிற்கின்றன.

ஸ்வச் அமைப்பில் தொழிலாளர்களே உரிமையாளர்கள். வீட்டு வாசலில் வாங்கும் கட்டணமும் பழைய பொருள் விற்ற காசும் அவர்களுக்கே சேர்கின்றன. அங்கே அங்கீகாரம் என்பது வருமானமாகக் கைக்கு வருகிறது. நம் ஊர்களுக்குத் திட்டம் தீட்டுவோரிடம் நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். பிரிக்கும் வேலையில் ஆண்களின் பங்கு எங்கே? அள்ளுகிறவர்களுக்குத் திட்டக் குழுவில் இடம் உண்டா? தயாரித்தவர் கொடுக்கும் விலை என்ன? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத திட்டத்தில் குப்பைமேடு உயரம் குறையலாம். பெண்களின் சுமை குறையாது.