மேற்கோள் முறையும் தத்லீஸும்

ஆய்வேடுகளின் இறுதியில் இடம்பெறும் துணைநூற்பட்டியலைப் பலரும் ஒரு சடங்காகவே கருதுகின்றனர். ஆசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, ஆண்டு முன்னே வருமா பின்னே வருமா என்பனவே நெறியாளருக்கும் மாணவருக்கும் இடையே பெரிதும் பேசப்படுகின்றன. இவை வேண்டாதவை என்று நாம் கூறவில்லை. ஆனால் பட்டியல் எதற்காக இருக்கிறது என்னும் வினாவை இவற்றுள் எதுவும் தொடுவதில்லை. இஸ்லாமியப் பொருள்கள் குறித்துத் தமிழில் எழுதப்படும் ஆய்வுகளை வாசிக்கும்போது இக்குறை நமக்கு மேலும் உறுத்தலாகத் தெரிகிறது. மேற்கோள் காட்டுவதையே தனிக் கலையாக வளர்த்த மரபு அன்றோ அவ்வாய்வுகளின் பொருள்!

இன்று பல்கலைக்கழகங்கள் வற்புறுத்தும் முறைகள் மிகப் பழையனவல்ல. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் வழக்கத்தை 1881இல் ஹார்வர்டு விலங்கியல் அறிஞர் எட்வர்டு லாரன்ஸ் மார்க் தம் கட்டுரையொன்றில் கையாண்டார். சிக்காகோ கையேடு 1906இல் வெளிவந்தது. அமெரிக்க உளவியல் கழகத்தின் நெறிமுறை 1929இல் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கி, 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் நானூறு பக்கங்களைக் கடந்த நூலாகிவிட்டது. உளவியலாருக்கு அண்மை ஆய்வு எது என்பது முதன்மையானது. எனவே ஆண்டை முன்னே வைத்தனர். அதே அளவுகோலை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டு நூலுக்கு வைத்து 'புகாரீ, 1997' என்று எழுதும்போது, இமாமவர்கள் நம் காலத்தவரோ என மயங்க வேண்டியுள்ளது. மூலநூலின் காலத்தையும் சேர்த்தெழுத அம்முறையிலேயே இடமுண்டு, பயன்படுத்துவோர்தாம் குறைவு.

பெயர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. குடும்பப்பெயரை முன்னிறுத்தும் விதியை இயந்திரம்போல் பின்பற்றினால், கவிக்கோ அப்துல் ரகுமான் 'ரகுமான், அ.' ஆகிவிடுகிறார். 'அப்து' என்பது அடியான். 'ரஹ்மான்' இறைவனின் திருப்பெயர். அடியானைப் பின்னே தள்ளி ஓர் எழுத்தாகச் சுருக்கி, இறைவனின் பெயரை மனிதனுக்குக் குடும்பப்பெயராக்கும் இவ்வெட்டு அரபு இலக்கணத்துக்கும் பொருந்தாது, நம் உணர்வுக்கும் பொருந்தாது. சோழமண்டல முஸ்லிம்களின் கடல்சார் வரலாற்றை 2004இல் நூலாக்கிய ஜெ. ராஜா முகம்மதுவும் இவ்விதியின்படி 'முகம்மது' என்னும் தலைப்பின் கீழ்ப் போய் நிற்பார். அங்கே அவரைத் தேடுவோர் எத்தனை முகம்மதுகளைக் கடக்க வேண்டும்! சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ.இரா. அரங்கநாதன் 1934இல் வெளியிட்ட நூற்பட்டியல் விதிநூலிலேயே இந்தியப் பெயர்களின் சிக்கல் கருத்தில் கொள்ளப்பட்டது. பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பும் எந்நாட்டவர் பெயரை எப்படிப் பதிவது என்பதற்கெனத் தனிநூலே வைத்திருக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 1996இல் வந்தது. சொட்டீரோ போன்ற மென்பொருள்களில்கூடப் பெயரைப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இட வசதி உண்டு. ஆகவே குற்றத்தை மேலைநாட்டு முறைகளின்மேல் மட்டும் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

எண்களுக்கு வருவோம். 'ஆதாரம்: புகாரீ' என்று மட்டும் எழுதுவது சொற்பொழிவுக்குப் போதும், ஆய்வுக்குப் போதாது. எண்ணைச் சேர்த்துவிட்டால் குறை தீர்ந்தது என்று எண்ணுவோர் உளர். ஸஹீஹுல் புகாரீயின் இறுதி நபிமொழி, ஃபத்ஹுல் பாரீயை ஒட்டிய எண்வரிசையில் 7563. முஹ்ஸின் கானின் ஒன்பது பாக ஆங்கில மொழிபெயர்ப்பிலோ அதே நபிமொழி ஒன்பதாம் பாகம், 93ஆம் அத்தியாயம், 652ஆம் எண். ஸஹீஹ் முஸ்லிமில் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ (1882-1968) அமைத்த எண்வரிசை 3033இல் முடிகிறது. திரும்ப வரும் அறிவிப்புகளையும் தனித்தனியே எண்ணும் பதிப்புகள் ஏழாயிரத்தைக் கடக்கின்றன. 'முஸ்லிம் 2500' என்றால் எந்த 2500? குர்ஆன் வசன எண்ணும் இதற்கு விலக்கன்று. குஸ்தாவ் ஃப்ளூகல் 1834இல் லைப்சிகில் அச்சிட்ட பதிப்பின் எண்களையே மேற்கத்திய அறிஞர் நெடுங்காலம் பின்பற்றினர், அவை 1924இல் (ஹி. 1342) வெளிவந்த கெய்ரோ பதிப்பின் எண்களினின்று பல இடங்களில் முன்பின்னாக நிற்கின்றன. பழைய ஆங்கில நூலிலிருந்து வசன எண்ணை அப்படியே பெயர்த்தெழுதியவர் அந்நூலைத்தான் பார்த்தார், குர்ஆனைப் பார்க்கவில்லை என்பதை அவ்வெண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

நாம் சொல்ல வந்த செய்தி இங்குதான் இருக்கிறது. ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்றொரு குறை பேசப்படுகிறது. ஓர் அறிவிப்பாளர், தாம் சந்தித்த ஆசிரியர் ஒருவர் கூறியதாக ஒரு செய்தியைச் சொல்கிறார். அச்செய்தியை அவர் அவ்வாசிரியரிடம் நேரே கேட்டதில்லை. இடையில் மற்றொருவர் உண்டு. அந்த இடையாளரின் பெயரை விழுங்கிவிட்டு, 'இன்னாரிடமிருந்து' என்னும் இருபொருட்படும் சொல்லால் அவர் அறிவிக்கிறார். 'நான் கேட்டேன்' என்று அவர் சொல்வதில்லை. ஆதலால் பொய்யர் என்று எளிதில் தள்ளிவிடவும் இயலாது. இத்தகையோரை ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ், இறப்பு ஹி. 852/1449) தனிநூலில் தொகுத்து ஐந்து தரங்களாகப் பிரித்தார். அவர்களுள் நம்பகமான ஒருவர் 'கேட்டேன்', 'எமக்கு அறிவித்தார்' என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் செய்தி ஏற்கப்படும் என்பது அறிஞர் பலரின் நிலை.

இப்போது நம் அடிக்குறிப்புகளைப் பார்ப்போம். மஅபர் நாட்டுக்கு இப்னு பதூதா வந்ததைப் பற்றி ஒருவர் எழுதுகிறார் என்று கொள்வோம். அவர் வாசித்தது நீலகண்ட சாஸ்திரியார் 1939இல் தொகுத்த அயல்நாட்டார் குறிப்புகள் பற்றிய ஆங்கில நூல். அடிக்குறிப்பில் இருப்பதோ 1853-58இல் பாரிஸில் வெளிவந்த அரபு மூலத்தின் நான்காம் தொகுதியும் பக்க எண்ணும். குறிப்பின் வடிவில் பிழையில்லை. அப்பக்கத்தில் அச்செய்தி உண்மையாகவே இருக்கவும் கூடும். ஆயினும் இது தத்லீஸ் அல்லாமல் வேறென்ன?

விளைவு இல்லாத குற்றம் என்று இதனை நினைத்துவிட வேண்டா. இப்னு பதூதா அங்கே குறிப்பிடும் துறைமுகத்தின் பெயர் 'ஃபத்தன்'. அது பெரியபட்டினமா, தேவிபட்டினமா, வேறோர் ஊரா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. இவற்றுள் ஓர் ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்பாளரின் குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, சான்றாக அரபுப் பக்கத்தைக் காட்டினால், பின்வரும் வாசகர் அவ்வூரை இப்னு பதூதாவே பெயர் சொல்லிக் குறித்தார் என்று நம்புவார். அவரைப் பார்த்து மற்றொருவர் எழுதுவார். ஊகம் ஒன்று வரலாற்றுச் சான்றாக உருமாற இரண்டு அடிக்குறிப்புகள் போதும்.

இடையாளரைச் சொல்வதில் இழிவு ஏதும் இல்லை. பிறர்வழி அறிந்ததை அவ்வாறே குறிக்க மேலே சொன்ன எல்லா முறைகளும் வழி வகுத்திருக்கின்றன. இமாம் சுயூத்தீ (ரஹ், இறப்பு ஹி. 911/1505) தம் முஸ்ஹிரில், தாம் எடுத்தாளும் எதனையும் சொன்னவர் பெயரும் நூலும் குறியாமல் விடுவதில்லை என்கிறார், நூல்திருட்டைப் பற்றியும் தனியே எழுதினார். திமிஷ்கின் மிஸ்ஸீ (ரஹ், இறப்பு ஹி. 742/1341) ஆறு நூல்களுக்கும் 'கா', 'மீம்', 'தால்' என ஓரெழுத்துக் குறியீடுகளை அமைத்து மாபெரும் அடைவு ஒன்றைத் தொகுத்தார். சுருக்கக் குறியீடு அவர்களுக்குப் புதியதன்று. 'மேலது' என்று எழுதியபின் பத்தியை இடம் மாற்றிவிட்டு, அச்சொல் வேறொரு நூலைச் சுட்டுவதைக் கவனியாமல் விடும் நம் பழக்கம்தான் புதியது.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் இச்சிக்கல் வேறொரு வடிவும் எடுத்துள்ளது. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5000 டாலர் அபராதம் விதித்தது. அவர்கள் மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் சில உலகில் இல்லாதவை, அக்கருவி புனைந்தவை. வழக்கின் பெயர், தொகுதி, பக்கம் யாவும் முறைப்படி இருந்தன. ஹதீஸ் அறிஞர்க்கு இதில் வியப்பிருந்திராது. இட்டுக்கட்டுவோரும் நற்பெயர் பெற்ற ராவிகளைக் கொண்டே இஸ்னாதைக் கோத்தனர். இப்னுல் ஜவ்ஸீ (ரஹ், இறப்பு ஹி. 597/1201) போன்றோர் அத்தகைய செய்திகளைத் தனியே தொகுக்க வேண்டியிருந்தது. சங்கிலி முழுமையாகத் தோன்றுகிறதா என்பதோடு திறனாய்வாளர் நின்றதில்லை. இவரும் அவரும் ஒரே காலத்தவரா, சந்தித்தனரா என்று ஆண்டுகளையும் ஊர்களையும் வைத்துச் சரிபார்த்தனர்.

நம் பல்கலைக்கழகங்களின் வாய்மொழித் தேர்வில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். தேர்வாளர் அடிக்குறிப்புகளில் ஐந்தைத் தாமே தேர்ந்து, அவ்வைந்து நூல்களையும் குறித்த பதிப்பிலேயே, அச்சிலோ படியாகவோ, மேசைமேல் வைக்கும்படி மாணவரிடம் கேட்கலாம். அரபு நூலாயின் அப்பக்கத்தின் முதல் வரியை வாசிக்கச் சொல்லலாம். வாசிக்க இயலாதவர் எந்த மொழிபெயர்ப்பின் வழி அதனை அறிந்தார் என்பதை அங்கேயே எழுதிச் சேர்க்கட்டும். காற்புள்ளிகளை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.